பைசல்

ஆயுத பூஜைக்கு முந்திய நாள்
கடையைத் துடைத்து ஒழுங்கு செய்தேன்.
மேசை இழுப்பறையில்
மை வற்றிய பேனாக்கள் ஒன்பது,
யாரோ வாங்க வராமலே போன பாஸ்போர்ட் போட்டோக்கள்,
ஸ்டேப்ளர் முள், எலிப் புழுக்கை.
எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கார்டு.

மதுரையில் ஒரு துணிக்கடை.
பில் போடுகிற பையன் சொன்னான்:
"கார்டு போட்டுக்கங்க மேடம்,
பத்து பர்சென்ட் தள்ளுபடி, ட்ராலி பேக் இலவசம்."
பேக்கின் சக்கரம்
திருப்பத்தூர் தாண்டுமுன் கழன்றது.
கார்டு பதினோரு வருஷம் இருந்தது.
தொண்ணூறாயிரம் வரை எடுக்கலாம் என்றது,
நான் எடுத்தது இரண்டு சேலை, ஒரு மெத்தை விரிப்பு.
சும்மா கிடப்பதற்கு வருஷக் கட்டணம்
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

போன் போட்டேன்.
"ஏன் மேடம் முடிக்கிறீங்க? ஐநூறு ரூபாய் கூப்பன் தர்றோம்."
"வேண்டாம் தம்பி. முடிச்சுவிடு."
நாலாக வெட்டினேன்.
மூன்றாம் வாரம் கடிதம் வந்தது:
வெ. தெய்வானை அவர்களுக்கு, நிலுவை ஏதுமில்லை.
லேமினேஷன் போட்டுக்கொண்டேன்.
சொந்த மெஷின். இருபது ரூபாய் மிச்சம்.

காரைக்குடியில் கடன் தீர்ந்தால்
புரோநோட்டைக் கிழித்துக் கையில் தருவார்கள்.
வாங்கியவன் கல்லுக்கட்டி வரைக்கும்
நிமிர்ந்து நடப்பான்.
நானும் நடந்தேன்.

தை பிறந்து வங்கிக்குப் போனேன்.
ஃபிளக்ஸ் அடிக்கிற மெஷின், நாலு லட்சம்.
ரெஜினா மேடம் திரையை என் பக்கம் திருப்பினார்.
ஆவணியில் எழுநூற்று எழுபத்தொன்பது.
இப்போது எழுநூற்று நாற்பத்தொன்று.

ஊருக்கெல்லாம் சிபில் எடுத்துத் தருகிறவள் நான்,
ஐம்பது ரூபாய், கலர் என்றால் எழுபது.
சொந்த எண்ணைப் பார்க்க மட்டும்
ஏனோ கை வராது.

"ஏதாச்சும் கார்டை முடிச்சீங்களா?"
"பைசல் பண்ணிட்டேன். கடிதம்கூட இருக்கு."
"இன்னொண்ணுல பாக்கி?"
"இருபத்தெட்டாயிரம். லேப்டாப் வாங்கினது."
"அதோட லிமிட்?"
"ஐம்பது."
கால்குலேட்டரைத் தட்டினார்.
ஒரு லட்சத்து நாற்பதில் இருபத்தெட்டு
ஐந்தில் ஒரு பங்கு.
ஐம்பதில் இருபத்தெட்டு
பாதிக்கும் மேலே.

"கடன் ஏறலையே மேடம்."
"ஏறலை. கீழே இருந்த எண் சுருங்கிடுச்சு."

குடம் அதே குடம்.
மொண்ட தண்ணீரும் அதே அளவு.
ஊருணியின் பெரும்பகுதியை
மண் கொட்டித் தூர்த்தவள் நான்,
சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு.
கரையில் நின்று பார்க்கிறவனுக்கு
இப்போது என் குடம் பெரிசு.
இத்தனை வருஷம் என் பெயரைக் காத்தது
நான் மொள்ளாத தண்ணீர்.

"அந்தக் கார்டையே திரும்பக் கேட்டால்?"
"அது புதுக் கார்டுங்க. வயசு முதல் மாசத்துலேர்ந்து.
பழசு இன்னும் கொஞ்ச காலம்
முடிஞ்ச கணக்குன்னு ரிப்போர்ட்டுல நிக்கும்.
இருபத்தெட்டைக் குறைங்க, ரெண்டு மூணு மாசம் பொறுங்க.
இப்பவே வேணும்னா வட்டி முக்கால் கூட."

முக்கால் என்றால் மாதம் நூற்றைம்பது.
நூற்றைம்பது என்றால் எழுபத்தைந்து ஜெராக்ஸ்,
அறுபது மாதம்.
எழுந்து வந்துவிட்டேன்.

மாசியில் ஒன்பதாயிரம் கட்டினேன்.
பங்குனித் திருவிழா பேனர் எல்லாம்
எதிர்க்கடை சாத்தையாவிடம் போய்விட்டது.
அவன் மெஷின் இராத்திரி முழுக்க ஓடுகிற சத்தம்
ஷட்டர் வழியே கேட்கும்.
சித்திரையில் பதினொன்று.
இன்னும் எட்டு.

லேமினேஷன் போட்ட கடிதம் கல்லாவுக்குப் பக்கத்தில்.
அதை வைத்துத்தான் இப்போது
பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிறேன்.
ஓரம் நேராக இருக்கிறது.